பாட்டும் பொங்கட்டும், ஊரும் உறங்கட்டும்

மாசித் திங்கள் பிறந்துவிட்டால் நம் சாலைக் கடைத்தெருவின் முகமே மாறிவிடுகிறது. நேற்று வரை பருப்பும் மிளகாயும் வெல்லமும் விற்ற கடைகளின் வாயிலில் இன்று மண்பானைகள் குன்றுபோல் குவிந்து நிற்கின்றன. கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை எங்கு நோக்கினும் செங்கற்களும் தென்னம்பாளைக் கட்டுகளும் தென்படுகின்றன. நாகர்கோவில் வண்டியிலும் திருநெல்வேலி வண்டியிலும் அத்தைமாரும் சித்திமாரும் வந்து இறங்குகின்றனர். நம் தமிழ்க் குடும்பங்களில் அந்த நாட்களில் பாய் விரிக்க இடமிராது. ஆயினும் மனம் கொள்ளாத மகிழ்ச்சி இருக்கும். ஆற்றுக்கால் பகவதி நம் கண்ணகியே என்னும் நம்பிக்கை வழிவழியாக வந்தது. பிழைப்பை நாடி மலையாள மண்ணில் குடியேறிய நமக்கு, ‘எனக்கு முன்பே உங்கள் ஊர்ப்பெண் ஒருத்தி இங்கு வந்து தெய்வமானாள்’ என்று இந்த ஊர் சொல்வதுபோல் அத்திருவிழா அமைந்திருக்கிறது.

இத்தகைய விழாவில் நம்மவர் பந்தலிடுவதும், நீர்மோர் வழங்குவதும், மேடை அமைத்து இன்னிசை நடத்துவதும் இயல்பே. பெருங்கூட்டம் கூடும் விழாக்காலத்தில் கூட்டத்தை எவ்வாறு நடத்துவது, இரவில் எழும் ஒலியை எவ்வாறு அடக்கி வைப்பது என்பன குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன். யான் பெரும்படிப்புப் படித்தவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறிப் புகைவண்டி நிலையத்தில் எழுத்தராக இருப்பவன். ஆயினும் நாள்தோறும் கூட்டத்தைக் கண்ணால் காண்பவன். இவ்விஷயத்தில் ஒருமுறை பிழையும் செய்தவன். அப்பிழையை முதலில் சொல்லிவிடுவதே முறை.

எங்கள் பந்தலில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் பொங்காலைக்கு முந்திய இரவு. எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து ஒரு மேடை அமைத்தோம். கணக்கு என் கையில் இருந்தது. மைக்செட்காரர் நான்கு கூம்பு ஒலிபெருக்கிகளை விளக்குக் கம்பங்களில் கட்டினார். மேடைக்கு இருபுறமும் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கினார். தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் மாறி மாறி ஒலித்தன. மணி பதினொன்றாகியும் ஒருவருக்கும் எழ மனமில்லை.

அப்பொழுது எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் பந்தல் ஓரத்தில் வந்து நின்றார். ஓய்வு பெற்ற ஆசிரியர், மலையாளி, எங்களையெல்லாம் சிறு பருவம் முதல் அறிந்தவர். நடந்துகொண்டிருந்த பாட்டு முடியும் வரை பொறுமையாக நின்றார். முடிந்தபின் என்னை அருகில் அழைத்து, “தம்பி, பாட்டு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் குறைச்சு வைச்சா மதி. வீட்டிலே அவளுக்கு உறக்கமில்லை,” என்றார். அவருடைய மனைவியார் பக்கவாதத்தால் விழுந்து, மருத்துவமனையிலிருந்து அன்றுதான் வீடு திரும்பியிருந்தார் என்பது எங்கள் தெருவில் எல்லார்க்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

“இன்னும் இரண்டே பாட்டு, மாஸ்டர்,” என்றேன். அவர் தலையசைத்துத் திரும்பினார். இரண்டு பாட்டு பத்துப் பாட்டாயிற்று. நாங்கள் விளக்கணைத்தபோது நள்ளிரவு கடந்து அரைமணி ஆகியிருந்தது.

மறுநாள் விடியுமுன் என் தாயார் பானையும் செங்கல்லுமாகத் தெருவில் இடம் தேடினார். தெருவெங்கும் முன்னிரவே நிறைந்துவிட்டது. அப்பொழுது எதிர்வீட்டு வாயிற்கதவு திறந்தது. மாஸ்டர் தம் முற்றத்தைக் காட்டி, “அம்மா, இங்கே அடுப்பு வையுங்கள்,” என்றார். எங்கள் வீட்டு விருந்தினர் ஐவரும் அவர் முற்றத்தில்தான் பொங்காலையிட்டனர். அவர்களுக்குக் கிணற்று நீரையும் அவரே இறைத்துக் கொடுத்தார். இரவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். ஏசாததனால் இன்று வரை மறக்க இயலவில்லை.

கூட்டமும் வாயிலும்

விழாக் கூட்டம் என்றதும் பலரும் எண்ணிக்கையைக் கண்டு அஞ்சுகின்றனர். எண்ணிக்கை மட்டுமே ஆபத்தாயின் ஆற்றுக்காலில் ஆண்டுதோறும் துயரம் நேர்ந்திருக்க வேண்டும். ஒரே நாளில் மிகுதியான பெண்கள் கூடிய விழா என்று 1997-இல் 15 லட்சம் பேரையும், 2009-இல் 25 லட்சம் பேரையும் கின்னஸ் பதிவேடு குறித்துக்கொண்டது. இப்பெருங்கூட்டம் அமைதியாகக் கூடிக் கலைவது எவ்வாறு?

அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். வருபவள் கோயில் வாயிலை முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அவளுடைய அடுப்பு எங்கு மூட்டப்படுகிறதோ அதுவே அவளுக்குச் சந்நிதி. அடுப்பு வைத்த இடத்தை விட்டு அவள் நகர்வதுமில்லை. ஆகவே கூட்டம் ஊர் முழுவதும் பல கிலோமீட்டர் தூரம் பரந்து அமர்ந்திருக்கிறது. ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் இடையே மூன்று செங்கல்லும் ஒரு பானையும் கொள்ளும் இடம் தானாகவே அமைந்துவிடுகிறது.

இனி, தொடங்கும் முறை. திருவிழா நாட்களில் கோயில் முன்றிலில் தோற்றம்பாட்டுப் பாடுவோர் கண்ணகியின் கதையை நாள்தோறும் பாடி வருவர். ஒன்பதாம் நாள் முற்பகலில் பாண்டியன் வீழ்ந்த பகுதி பாடி முடிந்ததும் பண்டார அடுப்பில் தீ மூட்டப்படுகிறது. அத்தீ ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு, ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்கு என்று தெருத்தெருவாகப் பரவுகிறது. எவரும் தீயை நாடி ஓடுவதில்லை. தீதான் அவர்களை நாடி வருகிறது. பிற்பகலில் நிவேத்தியமும் அவ்வாறே. தீர்த்தம் தெளிப்போர் அவரவர் இடம் தேடிச் செல்கின்றனர். ‘மக்களைப் பொருளிடம் ஓடவிடாதே, பொருளை மக்களிடம் கொண்டு செல்’ என்னும் பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

இதற்கு நேர்மாறானதொன்றையும் நம் கேரளத்திலேயே கண்டோம். 2023 நவம்பர் 25-ஆம் நாள் மாலை, களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி தொடங்கவிருந்தது. வாயிலுக்கு வெளியே கூட்டம் காத்திருந்தது. மழை தூறிற்று. எல்லாரும் ஒரே வாயிலை நோக்கி நெருக்கினர். வாயிலைக் கடந்ததும் கீழிறங்கும் செங்குத்தான படிகள். முன்னே சென்றோர் விழுந்தனர். அவர்கள் மேல் பின்னே வந்தோர் விழுந்தனர். மாணவர் மூவர் உள்ளிட்ட நால்வர் உயிரிழந்தனர். ஆற்றுக்கால் கூட்டத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு கைப்பிடிக் கூட்டம். ஆளைக் கொன்றது எண்ணிக்கையா, வாயிலா என்பதை அன்பர்களே எண்ணிப் பாருங்கள்.

வெளிநாட்டு இசைவிழாக்களும் இதையே சொல்கின்றன. 2010 ஜூலை 24-ஆம் நாள் ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரத்தில் நடந்த ‘லவ் பரேட்’ இசைவிழாவில், உள்ளே செல்வோரும் வெளியே வருவோரும் ஒரே சரிவுப் பாதையில் எதிரெதிரே முட்டிக்கொண்டனர். 21 பேர் மாண்டனர். 2000 ஜூன் 30-ஆம் நாள் டென்மார்க்கின் ராஸ்கில்ட் இசைவிழாவில் மேடையை நோக்கி நெருக்கிய கூட்டத்தில் 9 இளைஞர்கள் மடிந்தனர். அதன்பின் அங்கே மேடையின் முன்புறத்தைத் தடுப்புகளால் பகுத்து, அளவறிந்து ஆட்களை உள்ளே விடலாயினர்.

எங்கள் புகைவண்டித் துறையும் இப்பாடத்தைக் கண்ணீரோடு கற்றிருக்கிறது. 2017 செப்டம்பர் 29-ஆம் நாள் மும்பையில் எல்பின்ஸ்டன் ரோடு நிலைய நடைமேம்பாலத்தில், மழைக்கு ஒதுங்கியோரும் வண்டியிலிருந்து இறங்கியோரும் படியில் நெருங்கி 23 பேர் இறந்தனர். 2025 பிப்ரவரி 15-ஆம் நாள் இரவு புதுதில்லி நிலையத்தில் கும்பமேளாவுக்குச் செல்லக் கூடியோரில் 18 பேர் உயிரிழந்தனர். மழை, படி, குறுகிய வழி, கடைசி நேரக் குழப்பம் ஆகியவையே பெரும்பாலான துயரங்களுக்குக் காரணமாகின்றன.

இத்தகைய நெரிசலில் இறப்போரில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு நெருக்குண்டு மூச்சடங்கி இறக்கின்றனர் என்பது பலர் அறியாத செய்தி. ஒரு சதுர மீட்டர் இடத்தில் நால்வர் நிற்கும் வரை ஒருவர் தம் விருப்பப்படி அசையலாம். ஐவர் அறுவராகிவிட்டால் கால் நம் சொற்படி நடவாது. கூட்டம் வெள்ளம்போல் நம்மை இழுத்துச் செல்லும். அந்நிலையில் ‘தள்ளாதீர்கள்’ என்று கத்துவது பயனற்றது. பின்னே நிற்பவர்க்கு முன்னே நடப்பது தெரியாது. ஆகவே நெருக்கம் உண்டாகுமுன் தடுப்பதே வழி.

எழுத்தனாகிய எனக்குக் கணக்கில் நம்பிக்கை மிகுதி. பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்கென வகுத்த பாதுகாப்புக் கையேட்டின்படி, ஒரு மீட்டர் அகலமுள்ள சமதளப் பாதையில் நிமிடத்திற்கு 82 பேரும், படிகளில் 66 பேரும் இடரின்றிச் செல்லலாம். 5,000 பேர் கூடிய மைதானத்திற்கு இரண்டு மீட்டர் அகலத்தில் படியோடு கூடிய ஒரே வாயில் இருப்பின், அவர்கள் வெளியேற ஏறக்குறைய 38 நிமிடம் வேண்டும். அதே அகலத்தில் சமதளத்தில் நான்கு வாயில்கள் இருப்பின் 8 நிமிடத்தில் மைதானம் காலியாகும். மேடைக்கு வரும் பாடகர் யார் என்று ஒரு மாதம் ஆராயும் நாம், வாயிலின் அகலத்தை ஒரு நாழிகை அளந்து பார்க்கலாகாதா?

ஒலியும் உறக்கமும்

இனி, ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மத்திய அரசு வகுத்த 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு விழாக்களுக்கும் சமய விழாக்களுக்கும் ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். அத்தளர்வு அரசு அறிவிக்கும் நாட்களுக்கே உரியது. நாமாக எடுத்துக்கொள்ளத் தக்கதன்று. பகலிலும் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக வகுக்கப்படுகிறது.

‘இது பக்திக்குத் தடையாயிற்றே’ என்று சிலர் வருந்துவர். சென்னையில் ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் ஒலிபெருக்கி குறித்து அண்டை வீட்டார் தொடுத்த வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென எச்சமயமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2005 ஜூலை 18-ஆம் நாள் அளித்த மற்றொரு தீர்ப்பில் இரவுநேரத் தடையை மேலும் வலியுறுத்திற்று. கேட்க விரும்பாதவரைக் கேட்குமாறு வற்புறுத்த எவர்க்கும் உரிமையில்லை என்பதே இவற்றின் சாரம்.

ஒலியை டெசிபல் என்னும் அளவால் அளக்கின்றனர். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. வணிகப் பகுதிக்குப் பகலில் 65, இரவில் 55 என்பன வரம்புகள். ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் அவ்வரம்புக்கு மேல் 10 டெசிபல், அல்லது 75 டெசிபல், இவற்றுள் எது குறைவோ அதற்கு மேற்படலாகாது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றுகிறது. ஆகவே ‘கொஞ்சம்தானே கூட்டினோம்’ என்று சொல்வதற்கு இடமில்லை.

ஒலிபெருக்கியை உயரத்தில் கட்டி உரக்க வைத்தால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பது நம்மவர் எண்ணம். கணக்கு வேறு சொல்கிறது. திறந்த வெளியில் தூரம் இருமடங்காகுந்தோறும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். மேடையில் வைத்த ஒரே பெட்டியிலிருந்து 64 மீட்டர் தொலைவில் இருப்பவர்க்கு 65 டெசிபல் கேட்க வேண்டுமாயின், 4 மீட்டரில் அமர்ந்த குழந்தையின் காதில் 89 டெசிபல் விழும். மேடையோரத்து வீட்டுக்காரர் கதியும் அதுவே. அவ்வாறன்றிச் சிறு பெட்டிகளைக் கூட்டத்தின் நடுவே ஆங்காங்கு தாழ வைத்து, உட்புறம் நோக்கித் திருப்பினால் எல்லார்க்கும் இனிது கேட்கும். தெருவுக்கு அப்பால் குறைவாகவே செல்லும். ஆற்றுக்காலில் தீ செல்லும் முறையும் இதுவே என்பதைக் காண்க. ஒரே பெருந்தீ எரித்து ஊரைச் சுடவில்லை. ஆளுக்கொரு சிறு தீ.

இரவில் மற்றோர் இடர் உண்டு. தரை குளிர்ந்து மேற்காற்று வெப்பமாக நிற்பின், மேலே செல்ல வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. பகலில் இரு தெருக்களுக்கு அப்பால் கேளாத பாட்டு இரவில் தொலைவிலுள்ள படுக்கையறை வரை செல்வதற்கு இஃதொரு காரணம். தாழ்ந்த சுருதியில் அதிரும் ஒலி சுவரையும் ஊடுருவும். சன்னலை அடைத்தும் பயனில்லை.

உரக்க ஒலித்தால்தான் இசை சிறக்கும் என்பார், நம் கடைத்தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்து பத்மநாபசுவாமி கோயிலருகிலுள்ள நவராத்திரி மண்டபத்தைக் காணட்டும். பெரும் வித்துவான்கள் அங்கு மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30 மணிக்குள் கச்சேரியை முடிக்கின்றனர். கைதட்டலும் இல்லை. நேரம் குறுகியதால் அங்கே இசை குன்றியதென்று எவரும் சொன்னதில்லை.

செய்யத்தக்கன

நம் சங்கத்தாரும் தெருப் பந்தலாரும் எளிதில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மேடைக்கு இடம் பார்க்குமுன் வெளியேறும் வழியைப் பாருங்கள். உள்ளே வர ஒரு வழியும் வெளியே செல்ல வேறு வழிகளும் இருக்கட்டும். படி, சரிவு, சாக்கடை மூடி ஆகியவற்றின் அருகே விளக்கும் ஒரு தொண்டரும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, மழை வந்தால் என்ன செய்வதென்று முன்னரே முடிவு செய்யுங்கள். வாயிலைத் திறந்து விடுவதா, நிகழ்ச்சியை நிறுத்துவதா, யார் அறிவிப்பது என்பதெல்லாம் மழை பெய்தபின் பேசத் தக்கவை அல்ல. நெருக்கம் கண்டால் பாட்டை நிறுத்தி விளக்குகளை ஏற்றும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கட்டும்.

மூன்றாவது, முடியும் நேரத்தை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். வண்டி நேரமும் பேருந்து நேரமும் அருகில் இருக்கட்டும். எல்லாரும் ஒரே கணத்தில் எழுந்து தம்பானூர் நிலையத்துக்கு ஓடாவண்ணம், பெரிய பாட்டை முன்னே வைத்து, மெல்லிய பாட்டுகளை இறுதியில் வையுங்கள். பலர் இடையிலேயே அமைதியாக எழுந்து செல்வர்.

நான்காவது, வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு ஒரு சொல். விருந்தினரோடு புறப்படுமுன் பிரிந்தால் கூடும் இடத்தைச் சொல்லிவையுங்கள். குழந்தையின் சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டை வையுங்கள். வண்டிக்கு மூன்று மணி நேரம் இருக்கிறதெனின் அடுப்பருகிலேயே சற்று அமர்ந்து, முதல் நெரிசல் கழிந்தபின் எழுங்கள். ஒரு வண்டி போனால் மறுவண்டி உண்டு.

ஐந்தாவது, விழாவுக்கு ஒரு வாரம் முன்னரே தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் செல்லுங்கள். நோயாளி உண்டா, தேர்வெழுதும் பிள்ளை உண்டா, கைக்குழந்தை உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் பெறும் அனுமதி சட்டத்துக்குப் போதும். தெருவுக்கு அண்டை வீட்டாரின் அனுமதி வேண்டும்.

வேற்றூரில் வாழும் நாம் ஒன்றை மறவாதிருப்போம். நாம் நூறு நாள் நேர்மையாக வணிகம் செய்து ஈட்டிய நற்பெயரை ஓரிரவு ஒலிபெருக்கி கெடுத்துவிடும். ‘தமிழர் தெருவா? உறங்க முடியாது’ என்று ஒருவர் சொல்லுமாறு நாம் வாழலாகாது. ‘தமிழர் தெருவா? பாட்டும் உண்டு, பண்பும் உண்டு’ என்று சொல்லுமாறு வாழ்வோம்.

அடுத்த ஆண்டு எங்கள் பந்தலில் கூம்பு ஒலிபெருக்கி கட்டவில்லை. ஆறு சிறு பெட்டிகளை இடுப்புயரத்தில் வைத்தோம். ஒரு வாரம் முன்னரே யானே மாஸ்டர் வீட்டுக்குச் சென்று, முந்திய ஆண்டுக்கு மன்னிப்பும் அவ்வாண்டுக்கு அனுமதியும் கேட்டேன். அவர் சிரித்து, “பத்து மணிக்கு முடியுமா?” என்றார். “ஒன்பதே முக்காலுக்கு,” என்றேன். அவ்விரவு ஒன்பதே முக்காலுக்கு விளக்கணைத்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாயிலில் நின்று என்னை அழைத்தார். “இன்று சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாள், தம்பி. பாட்டுக் கேட்டாள்,” என்றார்.

பாட்டு மாறவில்லை, பாடியவரும் மாறவில்லை. சன்னல்தான் திறந்தது. வரும் மாசியில் நம் தெருக்கள் தோறும் அத்தகைய சன்னல்கள் திறக்குமாறு நாம் அனைவரும் நடந்துகொள்வோமாக.